அவர் சொன்னதை நான் மலாயில் சொன்னேன்

19 பிப்ரவரி 2024, திங்கள்

படம் எடுக்கப் போனோம். கோலசிலாங்கூர் பெரிய கடைத்தெருவில் அந்தச் சீனர் ஸ்டூடியோ இன்னும் இருக்கிறது. எதற்குப் படம் என்று கேட்டார். "கணவருக்கு விசா" என்றேன். எந்தக் கணவர் என்பதுபோல் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எனக்கு அறுபத்தொன்று, உமாபதிக்கும் அறுபத்தொன்று. நாங்கள் நின்ற கோலம் யாரோ பேரப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

இவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொண்டார். வாருவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் படத்தில் வாய் கோணியிருக்கும்.

இவர் ஊர் துறையூரில் கல்யாணத்தைப் பதிவு செய்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் "என் வீட்டுக்காரர்" என்று வாயில் சுலபமாக வரவில்லை. முப்பத்தாறு வருஷம் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து, வந்தவர்களையெல்லாம் "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்ட வாய்.

குடிநுழைவு இலாகாவில் கொடுத்த தாளை மறுபடி படித்தேன். இவர் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம், நாளைக்கே திருப்பி அனுப்பினால் அந்தச் செலவு, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் உங்க பொறுப்புல இருக்கேனா?" என்றார்.

"ஆமாம். ஒழுங்கா இருங்க" என்றேன்.

22 பிப்ரவரி, வியாழன்

இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்டப் படங்கள் வேண்டுமாம். கல்யாணப் படம் மூன்றுதான். பதிவாளர் அலுவலக வாசலில் மாலையோடு ஒன்று, கோயிலில் ஒன்று, ஓட்டலில் சாப்பிடும்போது, தாயை இழந்த அவர் மகள் மலர்க்கொடி எடுத்தது ஒன்று. அதில் நான் வாயில் இட்லியோடு இருக்கிறேன். அதையும் வைத்தேன்.

அதற்கு முந்தியது என்ன இருக்கிறது என்று பழைய கைப்பேசியைத் தோண்டினேன். கிடைத்தது. 2019 டிசம்பர். கோலசிலாங்கூரிலிருந்து முப்பது பேர் கோயில் சுற்றுலா போனோம். திருச்சியில் இறங்கியதிலிருந்து பத்து நாளும் ஒரே பஸ். பெரம்பலூர் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் எல்லோரும் நிற்கிற படம். ஓரத்தில் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு காக்கிச் சட்டை. அது இவர், எங்கள் பஸ் டிரைவர்.

அந்தக் கடையில்தான் முதலில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். மலேசியாவில் கோலசிலாங்கூர் என்றேன். எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "எந்தத் தோட்டம்?" என்றார்.

மலேசியாக்காரர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். துறையூர்க்காரர் ஒருவருக்கு அப்படிக் கேட்கத் தெரியுமா? "செராயா தோட்டம்" என்றேன். "நானும் அங்கதாங்க பொறந்தேன்" என்றார். "எட்டு வயசுல கப்பல் ஏத்திட்டாங்க."

ஒரே தோட்டம், ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவரை ஞாபகம் இல்லை. அவருக்கும் என்னை இல்லை. எங்கள் அம்மா காளியம்மாவை மட்டும் ஞாபகம் இருந்தது. "ரப்பர் பால்வாளியைத் தலையில வச்சுக்கிட்டு ரெண்டு கையையும் வீசி நடப்பாங்களே, அவங்களா?" அவங்கதான். அம்மா அப்படி நடந்ததை நானே மறந்திருந்தேன்.

பிறகு கோவிட் வந்தது. நான் பகலெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்ததும் கைப்பேசி அடிக்கும். அவருக்கு ஓட்டம் இல்லை. பஸ் ஷெட்டில் நின்றது. பேட்டரி போய்விடக்கூடாது என்று வாரத்துக்கு ஒருமுறை போய் ஸ்டார்ட் செய்வார். அன்றைக்குக் கைப்பேசியை எஞ்சின் பக்கத்தில் வைத்து, "கேக்குதா? உயிரோட இருக்கா பாருங்க" என்பார். நான் கேட்டுவிட்டு, "நல்லா மூச்சு விடுது" என்பேன். தாதி இல்லையா.

அந்தச் சத்தத்தை எப்படிப் படமெடுத்துக் காட்டுவது? அதுதான் எங்களிடம் இருக்கிற பெரிய சாட்சி.

25 பிப்ரவரி, ஞாயிறு

ரவாங்குக்குப் போய் வந்தேன். தனியாகத்தான் போனேன். என் பென்ஷன் தாளை மட்டும் வைத்துப் போனால் இன்னொரு சம்பளக்காரர் ஜாமீன் கேட்கலாம் என்று இலாகாவில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். எனக்கு வேறு யார்? தம்பி புவனேசன்தான்.

சாப்பாடு போட்டார்கள். நண்டு. சாப்பிட்டு முடிக்கிறவரை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வெளிநாட்டுக்காரன் பேப்பர்ல நான் சைன் வைக்க மாட்டேன் லா. ஃபேக்டரில நான் பாக்காததா? இங்க தங்குற பாஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு மாதிரி. வந்துட்டா ஆளே இருக்காது."

"அவர் அப்படி இல்ல" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அந்த ஆளுக்குப் பொறந்த ஊரப் பாக்கணும்னு ஆச. இங்க வந்து இருக்க ஒரு ஆளு வேணும். நீ கெடச்சே. அவ்ளோதான்."

தம்பி மகள் விஷாலினி, "அப்பா, போதும்பா" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டேன். நண்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன சொன்னான் என்று இவர் கேட்டார். வேலை அதிகமாம், பார்க்கலாம் என்றான் என்றேன்.

26 பிப்ரவரி

நீ கெடச்சே. நீ கெடச்சே. துணி காயப்போடும்போதும் இதுதான்.

3 மார்ச், ஞாயிறு

புவனேசன் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். காலையில் பசியாறும்போது, "வாங்க, தோட்டத்தைப் பாத்துட்டு வருவோம். காரில் அரை மணி நேரம்" என்றேன்.

"இன்னொரு நாள் போவோம்" என்றார்.

வந்ததிலிருந்து இப்படித்தான். மூன்றாவது தடவை. நான் கூப்பிடுவதும் அவர் தள்ளிப்போடுவதும். பிறந்த மண்ணுக்காக வந்தவர் என்றால் முதல் நாளே ஓடமாட்டாரா? அப்படியும் நினைத்தேன். பிறகு, பாஸ் வரட்டும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாரோ என்றும் நினைத்தேன். ஒரு சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அது உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே பார்க்க எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். பாதி வீடமைப்பு, பாதி செம்பனை மரங்கள். எங்கள் வரிசை வீடுகள், அந்த லயங்கள், இருந்த இடத்தில் கார் கழுவும் கடை.

எழுபத்தொன்றாம் வருஷம். என் அப்பா நீல ஐசி, குடியுரிமை அட்டை, எடுத்திருந்தார். இவர் அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கிராணி, "அதுக்கென்னா அவசரம், வேலைதான் இருக்கே" என்று சொன்னதை நம்பிவிட்டாராம். பிறகு சிவப்பு ஐசிக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. ஒரே தோட்டம். எங்கள் வீடு இருந்தது, அவர்கள் வீடு போனது. லோரியில் சாமான்களும் பிள்ளைகளும் ஏறினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. லோரிக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி ஓடினது கூட. அந்தப் பிள்ளைகளில் எது இவர் என்றுதான் தெரியவில்லை.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பாளி.

14 மார்ச், வியாழன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

காலையில் நேர்காணலுக்குப் போனோம். நோன்பு மாதம். அதிகாரி ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். உதடு காய்ந்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளிவிட்டேன். இவருக்கு மலாய் வராது. "மொழிபெயர்க்க இன்றைக்கு வேறு ஆள் இல்லை. நீங்களே சொல்லுங்கள், புவான் நல்லம்மா. ஆனால் அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

எங்கே சந்தித்தீர்கள், யார் சமைப்பது, அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், உங்களுக்கு என்ன பிடிக்காது. எல்லாம் சரியாகத்தான் போனது. அவருக்கு நான் தூங்கும்போது காற்றாடி வேண்டாம் என்பேன் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அந்த அம்மா சிரித்தார்.

பிறகு அவருடைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறந்த இடம், கோலசிலாங்கூர்.

"இவர் இங்கே பிறந்தவரா?"

ஆமாம் என்றேன். எந்த வருஷம் போனார்கள், ஏன் போனார்கள் என்று சொன்னேன். அவர் முகம் இளகிவிட்டது. "அப்படியென்றால் இவர் தன் சொந்தக் கம்பத்துக்கு, பிறந்த ஊருக்கு, திரும்பி வந்திருக்கிறார், இல்லையா? கேளுங்கள். அதற்காகத்தானே வந்தார்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்தப் பதிலை அவர் தட்டில் வைத்து நீட்டினார். நானே சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொல்வதை மட்டும் என்றார்களே. கேட்டேன்.

இவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்தே பேசினார்.

"இல்லம்மா. எங்கப்பா துறையூருக்கு வந்து முப்பது வருஷம் இருந்தாரு. தெனம் ஒரு வாட்டியாவது 'நம்ம தோட்டத்துல'ன்னு ஆரம்பிச்சிருவாரு. மழை பேஞ்சா அந்த மழை மாதிரி இல்லம்பாரு. சோறு போட்டா அந்த அரிசி மாதிரி இல்லம்பாரு. எங்கம்மா ஆக்கிப் போட்டதை ஒரு நாளாவது ருசிச்சுச் சாப்பிட்டிருப்பாரா, தெரியல. அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன், எந்த ஊருக்காகவும் ஏங்கக் கூடாதுன்னு. நான் ஊரைத் தேடி வரல. இந்தம்மா ஒரு நாள் ஃபோனை எடுக்கலன்னா அன்னிக்கு எனக்கு வண்டி ஓடாது. கை ஓட்டும், மனசு பின்னாடியே நின்னுக்கும். இனி இருக்கப்போறது கொஞ்ச காலம். அதையும் ஃபோன்லயே கழிக்க எனக்கு இஷ்டமில்ல. அவ்வளவுதாம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எனக்காக வந்தாராம்" என்று மலாயில் சொன்னேன்.

"அவர் அவ்வளவு நேரம் பேசினார், புவான். நீங்கள் இரண்டு வார்த்தை சொல்கிறீர்கள்."

என்ன செய்வது? சொன்னேன். அவர் அப்பா, மழை, அரிசி. அதுவரைக்கும் ஓடியது. "இந்த அம்மா ஃபோனை எடுக்காவிட்டால்" என்பதை எப்படிச் சொல்வது? "நான் ஃபோனை எடுக்காவிட்டால்" என்று சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் பற்றி ஒருவர் சொன்னதை நானே, என் வாயால், ஒரு அரசாங்க அலுவலகத்தில். கை ஓட்டும், மனசு நின்றுவிடும் என்பதற்கு எனக்கு மலாய் வரவில்லை. "ஹாத்தி தெர்திங்கால்" என்றேன், இதயம் பின்னால் தங்கிவிடும் என்று. சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு படகு.

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு கோப்பைச் சரிசெய்து, என் பென்ஷன் தாளை மேலே வைத்தார். இன்னொருவர் ஜாமீன் வேண்டும், சம்பளம் வாங்குகிறவர், அது வந்ததும் கோப்பு நகரும் என்றார். "குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா?"

"தம்பி இருக்கிறான்" என்றேன்.

காரில் திரும்பினோம். அசாம் ஜாவா தாண்டும்போது நல்ல மழை. இவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். திட்டவில்லை நான்.

15 மார்ச்

இன்று காலை, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

நான்கு வருஷமாக "நீங்க". இன்றைக்கு "நீ". சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

அவருடைய பயண அனுமதி முடிகிறது. புவனேசனை நான் மறுபடி கேட்கவில்லை. இன்று விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

கடைசி நேரத்தில் நான் ஒன்று சொன்னேன். "மலருக்கு ஆறு மாசம். பிரசவத்துக்கு நீங்க அங்க இருக்கறது நல்லதுதான். அப்புறமும் அங்கேயே இருக்கணும்னு தோணினா, எனக்கு ஒண்ணும் இல்ல."

பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரி" என்றார். உள்ளே போனார். அந்த நகரும் படியில் இறங்கும்போது தலை மட்டும் தெரிந்தது, அதுவும் போனது.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு ஒண்ணும் இல்லையாம். யாருக்கு ஒண்ணும் இல்ல? வாயைத் தைச்சுப் போடணும். கிளினிக்கில் இத்தனை வருஷமும் வந்தவர்களிடம் சொன்னது அதுதான். ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க, அவசரமில்ல. இவரையும் நோயாளி மாதிரி அனுப்பிவிட்டேன்.

8 ஏப்ரல்

இறங்கிவிட்டாராம். அங்கே வெயில் கொளுத்துகிறதாம்.

28 ஏப்ரல், ஞாயிறு

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று விஷாலினியிடம் சும்மா சொல்லியிருந்தேன். இன்று புவனேசன் சாமான் பெட்டியோடு வந்து நின்றான். குழாயை மாற்றினான். தரையைத் துடைத்தான். சட்டை நனைந்திருந்தது, கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்தான்.

"அந்த ஆளு போயிட்டாரா?"

"போயிட்டார்."

"வருவாரா?"

"தெரியல."

"நீ ஏங்கா என்னைய மறுபடி கேக்கல?"

"நீதான் மாட்டேன்னுட்டியே."

குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ வந்து சண்ட போடுவேன்னு இருந்தேன். ரெண்டு மாசமா ஃபோன் அடிச்சா ஒனக்குத்தான் திட்டு விழப்போகுதுன்னு என் வீட்டுக்காரி சொல்லிக்கிட்டே இருந்தா. நீ ஒரு வார்த்த பேசல. எனக்குப் பொண்ணு பேசுனப்ப, மூத்தவ வீட்டுல இருக்காளேன்னு அவங்க கேட்டாங்க. ஞாபகம் இருக்கா? நீதான் முன்னால வந்து, எனக்குக் கல்யாணத்துல விருப்பமில்ல, தம்பிக்குப் பேசுங்கன்னே. விருப்பமில்லன்னு நான் நம்பிட்டேன்கா. நம்புனா எனக்கு வசதியா இருந்துச்சு."

நான் எழுந்து தேத்தண்ணி போட்டேன். புதுக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது.

"அப்ப உனக்கு விருப்பம் இருந்துச்சா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டான்.

அப்பா படுக்கையில் இருந்தார். அம்மா தனியாக என்ன செய்வாள்? அவனுக்கு அப்போதுதான் வேலை. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர்; ஒருவர் தஞ்சோங் காராங் ஊர்க்காரர், பள்ளியில் வேலை. நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். அதையெல்லாம் இப்போது எடுத்து வைத்து என்ன ஆகப்போகிறது?

"இப்ப இருக்கு" என்றேன்.

தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். "எங்க லா சைன் வைக்கணும்? எடு."

6 மே, திங்கள்

ஒப்பந்தத் தாளுக்கு முத்திரை வைத்து, புவனேசனின் சம்பளத் தாள்களோடு கொடுத்துவிட்டோம். லீவு போட்டு வந்தான். தீபாவளிக்குப் போடும் நீலச் சட்டை. நோன்புப் பெருநாள் முடிந்து அந்த அதிகாரி அம்மா முகத்தில் தெளிவு. ஜாமீன் போடுகிறவருக்கு விண்ணப்பக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றான் மலாயில். ஒரு தயக்கமும் இல்லை. எனக்கு இன்னும் வராத வார்த்தை.

16 ஜூன், ஞாயிறு

பழைய கிளினிக் வழியாகக் காரில் வந்தேன். புக்கிட் ரோத்தான் பக்கம் இருந்த சின்ன கிளினிக். இப்போது பூட்டிக் கிடக்கிறது. வாசலில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எண்பத்தாறில் எனக்கு ஒரு ஹோண்டா கப்சாய் மோட்டார்சைக்கிள் கொடுத்தார்கள். வெள்ளைச் சீருடையோடு செம்மண் சடக்கு ரோட்டில் போய் இறங்கும்போது சிவப்புச் சீருடையாக இருக்கும். பிள்ளை பெற்றவள் வீடு எதுவென்று கேட்கவே வேண்டாம், வாசலில் குழந்தைத் துணிகள் காயும். தராசுத் தொட்டிலை உத்தரத்தில் மாட்டி, குழந்தையை வைத்து, முள் நடுங்கி நிற்கிறவரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். எடை சொன்னதும் தாய் சிரிப்பாள். எத்தனை வீட்டுச் சிரிப்பு. மலாய்க் கம்பத்தில் கிழங்கு கொடுப்பார்கள், தோட்டத்தில் முருங்கைக்காய், நெல்வயல் பக்கம் மீன். வண்டிக் கூடை நிறைந்துவிடும்.

அப்போது எனக்குத் தனிமை என்று தோன்றியதே இல்லை. நாள் முழுக்க யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று. அது என் பெயர் இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

நல்லம்மா என்று கூப்பிட இப்போது ஒருவர்தான். அவரும் இந்த வாரம் இரண்டு முறைதான் அடித்தார். மலரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் வருவதுமாக இருக்கிறாராம்.

11 ஜூலை, வியாழன்

ஒப்புதல் வந்துவிட்டது. அவர் திரும்பி வந்து பாஸ் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உடனே அடித்தேன். பின்னால் ஒரே அழுகைச் சத்தம். பெண் குழந்தை, நேற்று சாயங்காலம் பிறந்ததாம். எடை என்ன என்று கேட்டேன். நல்ல எடை. சுகப்பிரசவம். மலர் நன்றாக இருக்கிறாள். எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஒப்புதலைச் சொன்னேன்.

"நல்லது" என்றார்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

24 ஜூலை

எப்போது வருகிறார் என்று புவனேசன் கேட்டான். மாமாவுக்கு ஏர்போர்ட்டில் நான் வண்டி எடுக்கிறேன் என்கிறான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். "பாப்போம்" என்றார்.

படம் அனுப்பினார். குழந்தை அவர் மார்பில் கவிழ்ந்து தூங்குகிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு முகத்தை நான் இங்கே பார்த்ததில்லை. நான் யார் அதிலிருந்து அவரைப் பிடுங்க? அங்கேயே இருக்கட்டும் என்று நான்தானே சொன்னேன். இருந்தால் என்ன? ஃபோனில் பேசுவோம். நான்கு வருஷம் பேசவில்லையா?

இல்ல. பொய் எழுதாதே.

2 ஆகஸ்ட், வெள்ளி

இன்று நானே அடித்தேன். குழந்தை எப்படி, மழை உண்டா, முழங்கால் எப்படி என்று எல்லாம் ஆயிற்று. வைக்கப் போனார். "இருங்க" என்றேன்.

இருந்தார்.

என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "நான் அன்னைக்கு ஏர்போர்ட்ல சொன்னது சும்மா. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல, அது சும்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் எதுவும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம். வெளியே வந்துவிட்டார் போல. காற்று கேட்டது.

"அந்த ஆபீசுல நான் சொன்னேன் நல்லம்மா. மனசுல இருந்ததை, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தவங்க முன்னாடி. நீயும் சொன்னே, மலாய்ல. ஆனா அது நான் சொன்னது. நீ என்ன சொல்றேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தும் சொல்லல. ஏர்போர்ட்டுலயாவது நீ சொல்லுவேன்னு பாத்தேன். அங்கேயே இருந்துக்கோங்கன்னு சொல்றே. என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டே, சரி. பொறுப்புக்குத்தான் வரச் சொல்றியான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நான் இவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் இவரும் அங்கே உட்கார்ந்து... எவ்வளவு அசடு நாங்கள் இரண்டு பேரும்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய். ஊசி போடுகிறபோது பிள்ளைகளிடம் சொல்வேன், ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டு கண்ணை மூடிக்கொள் என்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்க வரணும்" என்றேன். "எனக்கு நீங்க வேணும்."

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"பிள்ளைக்கு முப்பதாம் நாள் கும்பிட்டுட்டு வர்றேன்" என்றார். "மலர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். டிக்கெட்டு எடுக்கறதுக்குத்தான் இந்த ஒரு வார்த்தைக்கு நின்னேன்."

18 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தார். புவனேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வழியெல்லாம் இரண்டு பேரும் டயர் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்சீட்டில் தூங்கிவிட்டேன்.

8 ஜூன் 2025, ஞாயிறு. துறையூர்

இந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பல மாதம். எழுத நேரமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

நேற்றுத் திருச்சியில் இறங்கினோம். இந்தியர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டாருக்கு ஒரு வரிசை. இவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம். அவர் வரிசை ஓடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் போய் நின்றுகொண்டார். என் வரிசையில் கூட்டம். என் முறை வந்தபோது விரல் ரேகை விழவில்லை. மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவித் தேய்ந்த கை. அந்த அதிகாரி, "துடைச்சுட்டு வைங்கம்மா, இன்னொரு வாட்டி" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

"பேத்திக்குக் காது குத்தறோம்" என்றேன்.

"மலேசியாக்காரங்க... இங்க பேத்தியா?"

"ஆமாம். அதோ நிக்கிறாரே, என் வீட்டுக்காரர். அவர் மக வயித்துப் பேத்தி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். இவர் இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைத்துவிட்டு நிற்கலாம் என்று தோன்றவில்லை போல.

ரேகை விழுந்தது. முத்திரை வைத்தார்கள்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, இப்பத்தான்" என்றார்.

முன்னால் நடந்தார். சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.